ராபின்சனா, ஹாக்லரா?

போன மே மாதம் விடுமுறைக்கு வந்த பேரன் என் பழைய ட்ரங்குப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். உள்ளே ராணுவத்து டிஸ்சார்ஜ் புத்தகம், இரண்டு மெடல், கறுத்துப்போன ஒரு சின்னக் கோப்பை. கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "இது எதுக்குத் தாத்தா குடுத்தாங்க?" என்று கேட்டான்.

"பாக்ஸிங். 1974. கம்பெனிகளுக்குள்ள நடந்த போட்டி. மிடில்வெயிட்ல ரெண்டாவது."

"நீங்களா?" என்று என் வயிற்றைப் பார்த்தான். "வீடியோ இருக்கா?"

இல்லை என்றேன். "அப்ப சரி" என்று கோப்பையை வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டான்.

அவன் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பத்து வயசுப் பையன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இதே கேள்வியை முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அதுவும் ஏளனமாக. அதனால் ஏழு மாதம் ஒரு நல்ல மனிதரின் பேச்சை இழந்திருந்தேன். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப்போகிறேன். நடுவில் கொஞ்சம் குத்துச்சண்டை வரும். பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1971-ல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தேன். எங்கள் ரெஜிமெண்ட் ஆட்களை ராணுவத்தில் எல்லோரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே என் உயரத்தையும் கை நீளத்தையும் பார்த்து ஓர் உஸ்தாத் என்னை ரிங்குக்குள் தள்ளிவிட்டார். பதினைந்து வருஷ சர்வீஸ் முடித்து 1986-ல் திண்டுக்கல் திரும்பினேன். முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் ஒரு வங்கியில் கிளார்க் வேலை கிடைத்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் நாகல் நகர்ப் பக்கம் ஒரு டீக்கடை. அங்கேதான் அண்ணனைச் சந்தித்தேன்.

அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுத் திண்ணையை ஒட்டித் தகரம் இறக்கிய ஓர் இடம், அவரும் இன்னும் இரண்டு பேரும். மாங்காய்ப் பூட்டு செய்வதில் கெட்டிக்காரர். நகம் எல்லாம் பித்தளைத் தூள். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பெங்களூரில் கேட்டுப் பழகிய சொல்தானே, எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

முதல் நாளே, "பட்டாளத்துல பாக்ஸிங் போட்டீங்களாமே, என்ன வெயிட்டு?" என்று கேட்டார். திண்டுக்கல்லில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் "சாராயம் கிடைக்குமா, சண்டைக்குப் போனீங்களா" என்றுதான் கேட்பார்கள்.

அவருக்குக் குத்துச்சண்டையில் அவ்வளவு பித்து. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அதைப் பார்க்க இரண்டு நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிப் போனவர். எம்.ஜி.ஆரையும் அலியையும் ஒரே நாளில் பார்த்தேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் சண்டை ஒன்றே ஒன்றுதான். சுகர் ரே ராபின்சனும் மார்வின் ஹாக்லரும் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார்? இரண்டு பேருமே மிடில்வெயிட் சாம்பியன்கள். 160 பவுண்டு, அதாவது எழுபத்திரண்டரைக் கிலோ. ஆனால் ராபின்சன் கடைசிச் சண்டை போட்டது 1965-ல். ஹாக்லர் பட்டம் வாங்கியது 1980-ல். மோதவே முடியாத இரண்டு பேர். அதனால் அந்தச் சண்டையை வருஷக்கணக்கில் நாங்கள் போட்டோம்.

அண்ணன் ராபின்சன் கட்சி. நான் ஹாக்லர் கட்சி. எனக்கு ஒரு சாதகம் இருந்தது. 1986 கடைசியில் என் மைத்துனன் குவைத்திலிருந்து வரும்போது ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தான். 1985 ஏப்ரல் 15-ந் தேதி லாஸ் வேகாஸில் ஹாக்லரும் தாமஸ் ஹெர்ன்ஸும் மோதிய சண்டை. டெக் வாடகைக்கு எடுத்து வீட்டில் போட்டோம். மூன்று ரவுண்டு, மொத்தம் எட்டு நிமிஷம். முதல் மணி அடித்ததிலிருந்து இரண்டு பேரும் ஓர் அடி பின்வாங்கவில்லை. ஹாக்லருக்கு நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிகிறது. மூன்றாம் ரவுண்டில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுகிறார். டாக்டர் போகச் சொன்னதும் ஹாக்லர் நேராகப் போய் ஹெர்ன்ஸை விழத் தட்டினார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "நல்ல அடிதான். ஆனா ராபின்சன் அந்த எடத்துல நிக்க மாட்டான்" என்றார்.

அவருடைய ஆயுதங்கள் எல்லாம் கணக்குகள். நூலகத்தில் பழைய ஆங்கிலப் புத்தகங்களை ஒரு வாத்தியாரை வைத்துப் படிக்கச் சொல்லி, பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். 1943 பிப்ரவரி 5-ல் ஜேக் லமோட்டாவிடம் ராபின்சன் தோற்றார். தொழில்முறையில் அதுதான் முதல் தோல்வி. பிப்ரவரி 19-ல் இன்னொருவரோடு மோதி ஜெயித்தார். 26-ந் தேதி அதே லமோட்டாவை மறுபடி சந்தித்து ஜெயித்தார். மூன்று வாரத்தில் மூன்று சண்டை. அதற்குப் பிறகு 1951 ஜூலை வரை 91 சண்டைகள், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. "உங்க ஆளு வருசத்துக்கு எத்தன போட்டாரு? ரெண்டா, மூணா?" என்பார்.

நான் விடமாட்டேன். "அண்ணே, அந்தக் காலத்துல ஆளும் அப்படித்தான் கெடப்பாங்க. வாராவாரம் ஒரு சண்டைன்னா எதிராளி எப்படி இருந்திருப்பான்?"

"லமோட்டா எப்படி இருந்தான்? ஆறு தடவ மோதியிருக்கான். ராபின்சன் அஞ்சுல ஜெயிச்சான்."

மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவர் அர்ஜென்டினாவின் கார்லோஸ் மொன்சோன் கட்சி. 1970-லிருந்து 77 வரை பட்டம், 14 முறை காத்தார், அதற்குள் ஒருவரிடமும் தோற்கவில்லை. கணக்குப்படி பார்த்தால் பலமான கட்சிதான். ஆனால் மொன்சோன் 1988-ல் மனைவியைக் கொன்று சிறைக்குப் போன செய்தி வந்த பிறகு அண்ணன் அந்தப் பெயரைக் கேட்கவே மாட்டார். "கை இருந்தா போதுமா, மனுசனா இருக்கணும்ல" என்பார். ஆசிரியர் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

இந்த மாதிரி விவாதத்தில் எத்தனை சிக்கல் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. முதலில் எடை. ராபின்சன் காலத்தில் சண்டை நடக்கிற அன்றைக்கே எடை பார்ப்பார்கள். பிற்பாடு முந்தின நாளே பார்த்துவிடும் வழக்கம் வந்தது. உடம்பு நீரை வற்றவைத்து எடைக்கல்லில் ஏறி, மறுநாள் பல கிலோ கூடி ரிங்குக்கு வருகிறார்கள். எழுதியிருப்பது அதே 160 பவுண்டு, ஆனால் ஆள் அதே ஆள் இல்லை.

அடுத்தது ரவுண்டு. பட்டச் சண்டை என்றால் அன்றைக்குப் பதினைந்து ரவுண்டு. 1982 நவம்பரில் கொரியாவின் டுக் கூ கிம் என்ற பையன் ரே மன்சினியோடு பதினான்காம் ரவுண்டுவரை நின்று விழுந்தான். சில நாளில் இறந்துபோனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு அமைப்பாகப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். கடைசி மூன்று ரவுண்டு என்பது வேறு உலகம். மூன்றே ரவுண்டு போட்ட எனக்கே மூன்றாவதில் கால் ஈயமாகிவிடும்.

அப்புறம் வெயில். இதை அண்ணன் அடிக்கடி சொல்வார், நம் ஊர்க்காரருக்கு நன்றாகப் புரியும். 1952 ஜூன் 25-ல் நியூயார்க்கில் ராபின்சன் தன்னைவிடப் பெரிய எடைக்காரரான ஜோயி மாக்ஸிமோடு மோதினார். திறந்த மைதானம், விளக்குகளுக்கு அடியில் 40 டிகிரி. பத்தாவது ரவுண்டோடு நடுவரே மயங்கி, வேறு நடுவரை ஏற்ற வேண்டியதாயிற்று. புள்ளிகளில் ராபின்சன்தான் முன்னால் இருந்தார். பதின்மூன்று முடிந்ததும் முக்காலியிலிருந்து அவரால் எழ முடியவில்லை. "மாக்ஸிம் ஜெயிக்கல தம்பி, வெயில் ஜெயிச்சுச்சு" என்பார் அண்ணன். சித்திரை மாதம் மலைக்கோட்டைப் பாறை தகிக்கிறபோது டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதை அவர் தொழிலை வைத்தே விளக்கினார். நான் ஒருநாள், "இவன் அவனை ஜெயிச்சான், அவன் இன்னொருத்தனை ஜெயிச்சான், அப்ப இவன்தானே பெரியவன்?" என்று கணக்குப் போட்டேன். பட்டறையில் கிடந்த இரண்டு பூட்டையும் ஒரு சாவியையும் எடுத்துப் போட்டார். "இந்தச் சாவி பெரிய பூட்டத் தொறக்கும். சின்னதத் தொறக்காது. அதுனால பெரிய பூட்டு மட்டம்னு சொல்லுவீங்களா? வெட்டு பொருந்தணும் தம்பி."

அது உண்மை என்பதற்கு அந்தப் பத்து வருஷமே சாட்சி. 1980 ஜூனில் ராபர்ட்டோ டுரான், சுகர் ரே லெனார்டை ஜெயித்தார். ஐந்து மாதத்தில் லெனார்டு திருப்பிக் கொடுத்தார் என்பது வேறு விஷயம். 1981-ல் லெனார்டு, ஹெர்ன்ஸைப் பதினான்காம் ரவுண்டில் நிறுத்தினார். 1984-ல் ஹெர்ன்ஸ், டுரானை இரண்டாவது ரவுண்டிலேயே படுக்கவைத்தார். வட்டமாகச் சுற்றி வருகிறது பாருங்கள். இதில் ஹெர்ன்ஸை எட்டு நிமிஷத்தில் முடித்த ஹாக்லர், அதே ஹெர்ன்ஸ் ஊதித்தள்ளிய டுரானை முடிக்கப் பதினைந்து ரவுண்டும் ஆடிப் புள்ளியில்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. நேரில் மோதியவர்களையே வரிசைப்படுத்த முடியவில்லை. மோதாதவர்களை எங்கே வரிசைப்படுத்துவது?

1970-ல் கம்ப்யூட்டரை வைத்துக்கூட முயன்று பார்த்தார்கள். ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவையும், தடையில் இருந்த அலியையும் ஒரு ரிங்கில் நடிக்கவைத்துப் படமெடுத்து, கணிப்பொறி சொன்ன முடிவு என்று தியேட்டரில் ஓட்டினார்கள். அமெரிக்காவில் மார்சியானோ பதின்மூன்றாம் ரவுண்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார்! எந்த ஊருக்கு எது பிடிக்குமோ அந்த முடிவு. படம் வருவதற்குள் மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். அவருக்கு முடிவே தெரியாது.

இனி அந்தக் கெட்ட நாளுக்கு வருகிறேன். 1995 என்று நினைவு. மழைக்காலம், கரண்ட் இல்லை, டீக்கடையில் ஆறேழு பேர். 1987-ல் ஹாக்லர் லெனார்டிடம் தோற்றதைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு அது ஆறாத புண். மூன்று நடுவர்கள். ஒருவர் 115-113 என்று ஹாக்லருக்குக் கொடுத்தார். இன்னொருவர் அதே 115-113 லெனார்டுக்கு. மூன்றாமவர் 118-110 லெனார்டுக்கு. ஒரே சண்டையை ஒரே ரிங்கோரத்தில் உட்கார்ந்து பார்த்த மூன்று பேர்! ஹாக்லர் அத்தோடு கையுறையைக் கழற்றிவிட்டு இத்தாலிக்குப் போய்விட்டார், திரும்ப ஏறவே இல்லை. நான் சூடாக இருந்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "உங்க ஆளும் சரி, லெனார்டும் சரி, எங்கப்பா முன்னாடி அஞ்சு ரவுண்டு தாங்க மாட்டாங்க" என்றார்.

அவருடைய அப்பா கதை எனக்கு ஏற்கனவே தெரியும். நாற்பதுகளில் பிழைப்புக்காகச் சென்னைக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். வடசென்னையில் சார்பட்டா, இடியப்பன் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை நடந்த காலம். அந்தக் கூட்டத்தில் ஒருவராகக் கட்டி நின்றார் என்பது அண்ணனின் வாக்குமூலம். ஊர் திரும்பி, அண்ணனுக்குப் பத்து வயதாகும்போது காய்ச்சலில் இறந்துவிட்டார். படம் கிடையாது, பேப்பர் துண்டு கிடையாது, மெடல் கிடையாது.

நான் சொன்னேன்: "அண்ணே, ஹாக்லர் சண்டையக் கேசட்டுல போட்டுக் காட்டினேன். ராபின்சனுக்கும் படம் இருக்கு. உங்கப்பாவுக்கு என்ன இருக்கு? போட்டோ இருக்கா? சாட்சி இருக்கா? ஊர்ல யாரு வேணா அவங்கப்பாவப் பத்தி என்ன வேணா சொல்லலாம்."

ஆறேழு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

ஏழு மாதம். நான் போய்ப் பார்த்திருக்கலாம். நாகல் நகர் என்ன சீமையிலா இருக்கிறது? ஆனால் மனசுக்குள் ஒரு வீம்பு. உண்மையைத்தானே சொன்னேன் என்று.

கடைசியில் என் வீட்டுக்காரிதான் விரட்டினாள். "வீட்டுப் பூட்டு ஒட்டுது, அவர்கிட்டக் காட்டுங்க" என்றாள். பூட்டில் ஒரு குறையும் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். ஒரு சீப்பு சிறுமலைப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பூட்டை வாங்கித் திறந்து மூடிப் பார்த்து, "பூட்டு நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, எங்கப்பா எனக்கு விட்டுட்டுப்போனது ஒண்ணுதான். ராத்திரி சாப்பிட்டதும் முத்தத்துல நிறுத்திவச்சுச் சொல்லிக்குடுப்பாரு. ஒம்பது வயசு எனக்கு. சரியா இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

சொல்லிவிட்டு நின்றார். இடது கால் முன்னே, பாதம் சற்றே உள்ளே திரும்பி. வலது குதிகால் ஒரு விரற்கடை தரையை விட்டு எழும்பி. இடது தோள் உயர்ந்து தாடையை மறைக்க, தாடை நெஞ்சோடு பதிந்து, வலது கை கன்னத்தோடு. முழங்கைகள் விலாவைக் காத்து. ஐம்பத்தொரு வயதில், லுங்கியும் பித்தளைத் தூளுமாக. பிறகு நான் எதிர்பாராமல், "ஒண்ணு போடுங்க" என்றார். மெதுவாக இடது கையை நீட்டினேன். தலையை ஒதுக்கவில்லை, இடுப்பிலிருந்து அரைச் சாண் நழுவினார். என் கை காதோரம் காற்றில் போனது. அவருடைய வலது கை அதற்குள் என் விலாவுக்கு எதிரே வந்து நின்றிருந்தது.

பெங்களூரில் உஸ்தாத் எனக்கு அதைக் கற்றுக்கொடுக்க மூன்று மாதம் ஆயிற்று. அடி வாங்கி வாங்கித்தான் வந்தது. புத்தகத்தில் பார்த்து வருவதில்லை அது. நேரு ஸ்டேடியத்தில் தூரத்திலிருந்து பார்த்தும் வருவதில்லை. ரிங்கில் நின்று குத்து வாங்கிய ஒருவர், தன் கையால் இன்னோர் உடம்பைத் திருத்தி நிறுத்தினால்தான் வரும். அண்ணன் தன் வாழ்நாளில் ஒருவரையும் குத்தியவர் இல்லை. ஆனால் அவருடைய அப்பா நின்ற நிலை நாற்பது வருஷம் கழித்து என் முன்னால் நின்றது.

"சரியா இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே" என்றேன். மன்னிப்பு என்று வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. எங்கள் காலத்து ஆண்களுக்கு அது வராது. பழத்தை உரித்து ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். மறுநாள் டீக்கடைக்கு வந்தார்.

பல வருஷம் கழித்து மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில்தான் ஹாரி கிரெப் என்பவரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்காரர். 1923-லிருந்து 26 வரை மிடில்வெயிட் சாம்பியன். பதின்மூன்று வருஷத்தில் ஏறத்தாழ 300 சண்டை. கடைசிச் சில வருஷம் வலது கண் பார்வை போய்விட்டது. அதை மறைத்துக்கொண்டே ஆடினார். ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியை இரண்டு முறை ஜெயித்த ஜீன் டன்னி, தன் வாழ்நாளில் தோற்றது ஒரே ஒருவரிடம்: தன்னைவிட எடை குறைந்த இந்தக் கிரெப்பிடம், 1922-ல். டெம்ப்சி, டன்னி சண்டைக்குப் படம் இருக்கிறது. ஆனால் கிரெப் சண்டை போடும் படம் ஒரு நிமிஷம்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. பயிற்சி செய்யும் சில நிமிஷத் துண்டு மட்டுமே. 1926-ல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 32 வயதில் இறந்துபோனார். அவர் யார் என்பதற்கு இருக்கிற பெரிய சாட்சி அவரிடம் அடி வாங்கியவர்கள் சொன்னதுதான்.

இதை அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். "பேரு என்ன சொன்னீங்க? கிரெப்பா?" என்று இரண்டு முறை கேட்டு, சுவரில் சாக்பீஸால் எழுதினார். அன்றிலிருந்து ராபின்சனை விட்டுவிட்டுக் கிரெப் கட்சிக்கு மாறிவிட்டார். "படமே இல்லாத ஆளு, அவன எப்படித் தோக்கடிப்பீங்க?" என்பார். பதில் சொல்ல முடியாது.

ராபின்சனுக்கும் அதே கதைதான் என்பது இன்னொரு நாள் தெரிந்தது. அவருடைய உச்சகாலம் மிடில்வெயிட்டில் இல்லை, அதற்குக் கீழே வெல்டர்வெயிட்டில், நாற்பதுகளில் என்று விவரமறிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த நாட்களில் படமாகக் கிடைப்பது மிகச் சொற்பம். நாம் திரையில் பார்ப்பது முப்பது தாண்டிய ராபின்சனை. நான் கேசட்டைக் காட்டி ஜெயித்ததாக நினைத்தேனே, அது பாதி ராபின்சனைத்தான்.

2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். ஹரியானாவின் பிவானிப் பக்கத்துப் பையன் விஜேந்தர் சிங், 75 கிலோ மிடில்வெயிட். கால் இறுதியில் ஈக்வடார்காரரை 9-4 என்று ஜெயித்தபோது அண்ணன் என் வீட்டு சோபாவில் இருந்தார். அரை இறுதியில் கியூபாவின் கொரியாவிடம் 5-8. வெண்கலம். குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் எங்கள் எடையில்! நான் ஆடியபோது மூன்று நிமிஷம் மூன்று ரவுண்டு, தலைக்கவசம் கிடையாது. பெய்ஜிங்கில் இரண்டு நிமிஷம் நான்கு ரவுண்டு, தலைக்கவசம் உண்டு, நடுவர்கள் பொத்தானை அமுக்கிப் புள்ளி போட்டார்கள். "இந்தப் பையனும் உங்கப்பாவும் மோதினா?" என்று நானே கேட்டேன். அவர் யோசித்து, "நல்லா இருக்கும் தம்பி" என்றார். யார் ஜெயிப்பார் என்று சொல்லவில்லை.

2021 மார்ச் 13-ல் ஹாக்லர் இறந்தார், 66 வயது. செய்தி தெரிந்து எனக்கு முதலில் போன் செய்தது அண்ணன்தான். "தம்பி, உங்க ஆளு போயிட்டாராமே" என்றார், சொந்தத்தில் ஒருவர் போனால் துக்கம் விசாரிக்கிற குரலில். அதுதான் நாங்கள் கடைசியாக நிதானமாகப் பேசியது. மே மாதம் கொரோனா இரண்டாவது அலை அவரைக் கொண்டுபோய்விட்டது. போய்ப் பார்க்க முடியவில்லை. நான்கு பேர்தான் நின்றார்களாம்.

ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தது. மகன் டிவியில் போட்டுக் கொடுத்தான். வடசென்னை, துறைமுகக் கூலிகள், ரிங்கைச் சுற்றி ஆயிரம் ஜனம், பரம்பரை மானம். கதை எழுபதுகளில் நடக்கிறது, அண்ணனின் அப்பாவுக்கு ஒரு தலைமுறை பின்னால். இருந்தாலும் அவர் இருபத்தைந்து வருஷம் டீக்கடையில் சொன்னதெல்லாம் திரையில் ஓடியது. இரண்டு மாதம் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். நான் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

ராபின்சனா, ஹாக்லரா? நேர்மையாகச் சொன்னால் 160 பவுண்டில் நான் இன்னும் ஹாக்லர் கட்சிதான். அண்ணன் போய்விட்டார் என்பதற்காகக் கட்சி மாறினால் அவரே கோபித்துக்கொள்வார். ஆனால் படம் இருப்பவன் ஜெயித்தவன், இல்லாதவன் பொய் என்று மட்டும் இப்போது சொல்ல மாட்டேன்.

பேரன் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். கைபேசியைக் கீழே வைக்கச் சொன்னேன். இடது காலை முன்னால் வைக்கச் சொல்லி, தோளைத் தூக்கி, தாடையை அழுத்தி, வலது குதிகாலை என் செருப்பு நுனியால் ஒரு விரற்கடை எழுப்பிவிட்டேன்.

"இது எதுக்குத் தாத்தா?" என்றான்.

"சும்மா நில்லு" என்றேன்.